பச்சைக் கோடு போட்ட தாம்பூலப் பைகள்

2024 செப்டம்பர் 9, திங்கள்

"மிஸ், நீங்க எனக்கு மூணு மார்க் அதிகமா போட்டுட்டீங்க. சொன்னா குறைச்சிடுவீங்களா?"

நான் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தபோது எட்டாம் வகுப்பில் உதயா என்ற பெண் என் மேசைக்கு வந்து கேட்டது. கூட்டலில் தவறியது நான். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முகம் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. குறைத்தேன். அவளுக்கு முதலிடம் போயிற்று. அழுதாளோ என்னவோ, நினைவில்லை. மறுநாள் வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

இன்று அவள் ஞாபகம் வரக் காரணம் என் மருமகள் மாதங்கி. அவளும் என் பிள்ளை ஜெயராமும் டெல்லியில், ஓக்லாவில் ஒரு சின்னத் தையல் கூடம் நடத்துகிறார்கள். இந்த வருஷம் ஓர் அரசு மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. இதற்காக அவள் ஆடிட் ஆபீஸ் வேலையையே விட்டவள். சென்ற வாரம் அனுப்பிய சரக்கில் மருத்துவமனை ஸ்டோர்காரர் ஒரு கட்டு கூடுதலாக எண்ணி ரசீது கொடுத்துவிட்டார். இன்று காலை இவள் ரசீதை எடுத்துக்கொண்டு திருத்தக் கிளம்பினாள்.

"அவனே எழுதிக் கொடுத்திருக்கான். நீ போய்ச் சொன்னா குறைச்சுடுவான்" என்றான் ஜெயராம்.

"குறைக்கட்டும். அதுக்குத்தான் போறேன்" என்றாள். டிபன் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். உபதேசம் இல்லை, முகத்தில் பெருமை இல்லை. கியாஸ் மூடினோமா என்று பார்த்துவிட்டுப் போவதுபோலப் போனாள்.

செப்டம்பர் 21, சனி

ஓக்லா கூடத்துக்குப் போயிருந்தேன். வெள்ளைத் துணி மலைபோல. ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு, நெய்யும்போதே போட்டது. கண்ணுக்கு எவ்வளவு இதம்! மூலையில் ஒரு தகரப் பெட்டி, பூட்டியிருந்தது. வெட்டி மிஞ்சின துண்டு என்றார்கள். வேண்டாத துண்டைக்கூடப் பூட்டி வைக்கிறாளே, என்ன ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன். ஏன் பூட்டுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

மாதங்கி ஈரோட்டுக்கு ரயிலேறி நாலு நாளாகிறது. அடுத்த தவணைத் துணியைத் தறியில் இருக்கும்போதே பார்க்க வேண்டுமாம். அப்படியே கோயம்புத்தூரில் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நவராத்திரிக்கு இருக்கமாட்டாள். "கொலு உங்க பொறுப்பு" என்றாள்.

கொலு என் பொறுப்பில்லாமல் என்றைக்கு இருந்தது!

போன வருஷம் தாம்பூலத்தைப் பிளாஸ்டிக் பையில் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். டீச்சர்தான் சுற்றுச்சூழல் பாடம் எடுத்தாளாம், அவளே பாலிதீன் கொடுக்கிறாளாம். இந்த வருஷம் துணிப் பை என்று தீர்மானம். ஜெயராமிடம் கேட்டேன்.

"அந்தப் பெட்டியில இருக்கறதை எடுத்துக்கோம்மா. வேஸ்ட்தானே."

சாவியை அவனே கொடுத்தான். பவுனு, அங்கே தைக்கிறவள், சற்றுத் தயங்கினாள். "அக்கா வரட்டுமேம்மா?" என்றாள். "அக்கா வரதுக்குள்ள கொலுவே முடிஞ்சுடுமே" என்றேன் நான். இரண்டு நாளில் தைத்துக் கொடுத்துவிட்டாள். பச்சைக் கோடு பையின் வாய்ப்புறம் வருகிற மாதிரி. அழகு, அழகு.

அக்டோபர் 3, வியாழன்

ஏழு படி. தசாவதாரத்தில் வாமனருக்குக் குடை ஒடிந்துவிட்டது. குடையில்லாமலே நிற்கிறார்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று அகல்யா வந்தாள். மலை மந்திர் முருகன் கோயில் பஜனை வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். விருதுநகர்ப் பக்கம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரர் வேணு ஏதோ மருத்துவமனையில் அதிகாரி. அவள் பாடினால் கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். இன்றும் நிறுத்தியது.

பையைக் கையில் கொடுத்ததும், "டீச்சர், பைக்காகவே நாளைக்கும் வரலாம் போலிருக்கே!" என்றாள்.

"வாயேன். சுண்டல்தான் மாறும். நான் மாறமாட்டேன்."

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி, தேங்காய். எல்லோருக்கும் கொடுத்ததுதான் அவளுக்கும்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

ஒரு பொம்மையைப் படுக்கவைத்தாயிற்று. பை ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லா இடத்திலும் பையைப் பற்றித்தான் பேச்சாம். கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மாதங்கி நேற்று வந்தாள். இன்று செவ்வாய்க்கிழமை, இரண்டு பேருமாக மலை மந்திர் போனோம். படியேறும்போது எதிரே ஒரு மாமி இறங்கினாள், தோளில் என் பை.

"அம்மா, அந்தப் பை..."

"நம்மாத்துப் பைதான். நன்னாருக்கோன்னோ?"

மேலே அர்ச்சனைத் தட்டு வரிசையில் இன்னொன்று. பிரகாரத்தில் இன்னொன்று, அதிலிருந்து ஒரு குழந்தை வாழைப்பழம் எடுத்துக்கொண்டிருந்தது. மாதங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாமியைப் பார்க்கவில்லை.

"எத்தனை பேருக்குக் கொடுத்தேள்?"

"நாப்பதுக்கு மேல. அகல்யாகூட அப்படி ரசிச்சா."

"எந்த அகல்யா?"

"ஆர்.கே.புரம். அவ ஆத்துக்காரர் வேணுன்னு, ஹாஸ்பிட்டல்ல ஏதோ..."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தாள், எனக்கும் கொடுத்தாள். பிறகு சொன்னாள். அந்தப் பச்சைக் கோடு அலங்காரம் இல்லையாம், மருத்துவமனையின் அடையாளமாம். அந்தக் கோடு போட்ட துணி வெளியே எங்கே கிடந்தாலும் திருட்டுத் துணி என்றுதான் கொள்வார்கள். அதனால்தான் துண்டுகூட வெளியே போகக்கூடாது. சரக்கோடு சேர்த்து எடைபோட்டு ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

இன்னொன்று. சரக்கு சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற குழுவில் வேணு ஒருவர்.

"சோதிக்கிற அதிகாரி ஆத்துக்கு நம்மாத்துலேர்ந்து ஒரு பரிசு போயிருக்கும்மா. அதுவும் அந்த ஹாஸ்பிட்டல் துணியிலேயே தைச்சது."

பரிசா? வெத்தலை பாக்கு கொடுத்தேன்டீ! தாம்பூலம் கொடுக்காம ஒரு சுமங்கலியை வாசல் தாண்டி அனுப்புவேனா நான்?

அக்டோபர் 16, புதன்

காலையிலிருந்து வீட்டில் மகாபாரதம்.

ஜெயராம்: "வெத்தலை பாக்கை லஞ்சம்னு எழுதிக் கொடுத்தா சிரிப்பா."

மாதங்கி: "லஞ்சம்னு எழுதலை. நடந்ததை எழுதறேன்."

"யாருக்குத் தெரியும்? ஒரு மாசத்துல அந்தப் பையெல்லாம் கரித்துணியாயிடும்."

"எனக்குத் தெரியுமே."

"ஓஹோ! அச்சா ஜி! போய்ச் சொல்லு. பிளாக் லிஸ்ட்ல போடுவான். அப்புறம் நாம எல்லாருமா கரோல் பாக்ல சுண்டல் விக்கலாம். அம்மா சுண்டல் நன்னாப் பண்ணுவா."

சிரிப்பாகச் சொன்னானே தவிர, தட்டில் இருந்ததை அவன் தொடவில்லை. சாவி கொடுத்தவன் அல்லவா. பட்டியலில் போட்டுவிட்டால் இவர்களுக்கு வருஷக்கணக்கில் எந்த அரசு வேலையும் கிடைக்காது. கூடத்தை மூட வேண்டியதுதான். பவுனுவும் மற்றவர்களும் எங்கே போவார்கள்? எல்லாம் என் துணிப் பையால்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். "தீபாவளி தீபாவளிக்கு டிரை ஃப்ரூட் டப்பா டப்பாவா வரும். ஒண்ணையும் உள்ள விட்டதில்லை. ஆனா வெத்தலை பாக்குன்னா எனக்கே தோணியிருக்காது, விசாலம்" என்றார். அந்த வார்த்தை கொஞ்சம் ஆறுதல். டப்பா வந்தால் சந்தேகப்படுவோம். தாம்பூலம் வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நம்மிடம் இருக்கிற ஓட்டை இதுதான் போலிருக்கிறது.

மாதங்கி ஜெயராமிடம் கடைசியாகச் சொன்னது: "அவா கண்டுபிடிச்சா நாம மறைச்சோம்னு ஆகும். நாமளே சொன்னா தப்புப் பண்ணிட்டோம்னு ஆகும். தப்புக்குத் தண்டனை இருக்கு, வாங்கிக்கலாம். மறைச்சதுக்கு முடிவே இல்லை, ஜெய். இன்னிக்குப் பையை மறைச்சா, நாளைக்கு அந்தத் துண்டோட எடையையும் மறைக்கணும்."

கணக்கு வாத்தியாராக எத்தனை வருஷம் இதைக் கரும்பலகையில் போட்டிருப்பேன்! மூன்றாவது வரியில் ஒரு குறியை மாற்றிப் போட்டால், விடை வரை ஒவ்வொரு வரியும் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் போகும். அழித்தால் மூன்றாவது வரியிலிருந்து அழிக்க வேண்டும். ஜெயராமுக்கும் நான்தான் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். மாதங்கிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

அக்டோபர் 17, வியாழன்

நான் அகல்யாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டேன். மாதங்கி கதவருகே வந்து நின்றாள்.

"அங்க மட்டும் போகாதேங்கோம்மா."

"என் சிநேகிதிடீ. வேற யார் சொல்லியோ தெரிஞ்சா என்ன நினைப்பா?"

"நீங்க முன்னாடியே போய்ச் சொன்னா, ரெண்டு ஆத்துக்காராளும் கூடிப் பேசிண்டான்னு ஆகும். அவருக்குத்தான் அது கெடுதல். இது ஆபீஸ் வழியாத்தான் போகணும்."

புடவையை மாற்றாமலே உட்கார்ந்திருந்தேன். போனில் அவள் பெயர் இருக்கிறது. தொட்டால் பேசிவிடலாம். தொடவில்லை.

அக்டோபர் 19, சனி

கொடுத்த தாம்பூலப் பையைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போன மனுஷி டெல்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இவர் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் நான், மடியில் பவுனு புதிதாகத் தைத்த மஞ்சள் பைகள். ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்றைக் கொடுப்பது. மாதங்கி சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஏன்னு கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்கோ. கதை வேண்டாம்."

உள்ளதைச் சொல்வது எவ்வளவு சிரமம்! ஒரு வீட்டில் கதவை முழுக்கத் திறக்கவே இல்லை.

"ஆஸ்பத்திரித் துணியா? ஐயோ, வியாதி ஏதாவது ஒட்டிக்குமா மாமி? நான் அதுல புளி போட்டு வச்சிருக்கேனே!"

"புதுத் துணிதான். ஒரு நோயாளியும் தொட்டதில்லை."

"அப்புறம் எதுக்குத் திருப்பிக் கேக்கறேள்?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பின்பெஞ்சு மாணவனுக்குச் சொல்வதுபோல. "உங்க தோட்டத்துப் பூவை நான் பறிச்சு உங்களுக்கே மாலை போட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் நான் பண்ணியிருக்கேன்." இந்த உதாரணம் வேலை செய்தது. மீதி வீடுகளில் இதையே சொன்னேன்.

கரோல் பாக்கில் இவருடைய பெரியப்பா பிள்ளை வைத்தி. அந்தப் பையில் பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்.

"தாம்பூலத்தைத் திருப்பிக் கேக்கறது உலகத்துலயே நீ ஒருத்திதாம்மா. தம்பி, அடுத்தது கல்யாணத்துல வச்ச மொய்யைக் கேக்க வருவியா?"

"உங்க கல்யாணத்துக்கு நான் மொய்யே வைக்கலைண்ணா" என்றார் இவர். வைத்தி சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். பையைக் காலிசெய்து, உதறி, மடித்துக் கொடுத்தார்.

ஆனால் அவர் சம்பந்தி அம்மாளுக்குக் கொடுத்த பை ஊர் போய்விட்டது. அந்த அம்மாள் சாணக்யபுரியில் அரசு விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்து, போன வாரம் சென்னைக்கு ரயிலேறிவிட்டாள். அகல்யா வீட்டில் ஒன்று, சென்னையில் ஒன்று. மற்றதெல்லாம் வந்தாயிற்று.

கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் நேற்றைவிட இன்று மனசு லேசு.

அக்டோபர் 20, ஞாயிறு

துண்டுகளையும் பைகளையும் சேர்த்து எடை போட்டார்கள். சென்னைப் பையும் அகல்யா பையும் இல்லாததால் கொஞ்சம் குறைந்தது. ஜெயராம் புதுத் துணியில் ஒரு துண்டு வெட்டிப் போட்டுவிடலாம் என்றான். "எடை சரியாயிடும் பாரு."

"எடை சரியாயிடும். நாம சொன்னது பொய்யாயிடும்."

அதற்குப் பிறகு அவன் வாதாடவில்லை. தராசுத் தட்டைத் தானே துடைத்து வைத்தான். சாயங்காலம் என்னிடம் வந்து, "சாவி நான் கொடுத்தேன்னு அதுல எழுதச் சொல்லும்மா. உன் பேர் மட்டும் வேண்டாம்" என்றான். பிள்ளை நல்ல பிள்ளைதான்.

மாதங்கி எழுதிய கடிதத்தைப் படித்தேன். எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், இப்படி ஒரு விடை பார்த்ததில்லை. என்ன நடந்தது, யார் செய்தது, யாருக்குப் போனது, எது திரும்பியது, எது திரும்பவில்லை, இனி பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும். அவ்வளவுதான். அழுகை இல்லை, சமாதானம் இல்லை.

என் பங்குக்கு நானும் ஒரு பக்கம் எழுதினேன். 'நல்லெண்ணத்துடன் செய்தேன்' என்று ஒரு வரி. அவள் பென்சிலால் அந்தச் சொல்லுக்கு அடியில் மெல்லக் கோடு போட்டாள். "இதை எடுத்துடலாமாம்மா? எண்ணம் நல்லதா இல்லையான்னு அவா தீர்மானிக்கட்டும்."

எடுத்துவிட்டேன். என் தாளைத் திருத்தி எத்தனை வருஷமாயிற்று!

அக்டோபர் 21, திங்கள்

கொடுத்துவிட்டாள். நானும் கூடப் போனேன். கொள்முதல் பிரிவுத் தலைவர் படித்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆப் லோக் குத் லிக்கே லாயே?" என்றார். நீங்களாகவே எழுதிக் கொண்டுவந்தீர்களா என்று. "ஜி" என்றாள் மாதங்கி. நான்தான் பேச வாயெடுத்தேன். முழங்கையால் லேசாகத் தொட்டாள். மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

வேணு சோதனைக் குழுவிலிருந்து தாமாகவே விலகிவிட்டாராம். பை, ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம் எல்லாவற்றையும் உறையில் போட்டு ஒட்டி ஆபீசில் ஒப்படைத்துவிட்டாராம். கூடவே ஒரு விளக்கம்: 'தேங்காய் சட்னிக்கு உபயோகிக்கப்பட்டுவிட்டது.'

சிரிப்பு வந்தது. பிறகு, அந்த வீட்டில் அன்று என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

அவர் விலகியதால் சோதனை தள்ளிப்போகிறது. சரக்குக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்குகிறது. மாதங்கி கெடு முடிவதற்கு முன்னாலேயே அவகாசம் கேட்டு எழுதிவிட்டாள். "முடிஞ்சப்புறம் கேட்டா அதுக்குப் பேர் சாக்கு" என்றாள். லீவ் லெட்டர் மாதிரி. முதல் நாளே கொண்டுவந்தால் விடுமுறை. மூன்று நாள் கழித்து அப்பாவின் கையெழுத்தோடு கொண்டுவந்தால் அதற்கு வேறு பெயர்.

அக்டோபர் 29, செவ்வாய்

கோயிலில் அகல்யா. என்னைப் பார்த்தாள். வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஓக்லாவிலிருந்து மருத்துவமனை ஆபீசுக்கு ஒரு டப்பாகூடப் போகவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு. கெட்டியாகிவிட்டது. பவுனு, "சுத்தியல் கொடுங்கம்மா" என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

வெளியே புகைமூட்டம். எதிர்க் கட்டடம் தெரியவில்லை. கண்ணெரிச்சல்.

இன்று சோதனை. வேணுவுக்குப் பதிலாக ஒரு பஞ்சாபி அம்மாள் வந்தார். ஒவ்வொரு கட்டிலும் கைவிட்டு நடுவிலிருந்து ஒரு விரிப்பை உருவினாராம், வெளிச்சத்தில் பிடித்தாராம், தையலை இழுத்துப் பார்த்தாராம். பிறகு துண்டுகளையும் என் பைகளையும் தரையில் கொட்டி எடை போட்டார்களாம். வேணு ஒப்படைத்ததையும் சேர்த்தபின் ஒரு பைதான் குறைந்தது. சென்னைப் பைக்கென்று மாதங்கி எழுதிக் கொடுத்திருந்த அதே அளவு.

"சரக்கு?" என்று கேட்டேன்.

"பாஸ்."

"பை?"

"அது மேல போகும்மா. தெரியாது."

ஸ்வெட்டரைக் கழற்றாமலே தூங்கிப்போனாள். விளக்கை அணைத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

வந்துவிட்டது. பட்டியலில் போடவில்லை. எழுத்தில் ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தம் வருஷம் முழுக்க நடக்கும். ஆனால் இவர்கள் எதிர்பார்த்திருந்த கூடுதல் அளவு ஆணை கிடையாது. அது வேறு யாருக்கோ போகும். புது மெஷின் இரண்டு வாங்கலாம் என்று ஜெயராம் அதை நம்பித்தான் இருந்தான்.

குறைத்துவிட்டார்கள்.

நான்தான் மாதங்கியைத் தேற்றப் போனேன். அவள் அடுத்த தவணைக்கு வெட்டும் அளவைப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "சொன்னப்புறமும் குறைக்காம விட்டிருந்தா எனக்குப் பயமா இருந்திருக்கும்மா" என்றாள். "அப்புறம் அவா எதையும் பார்க்கறதில்லைன்னு ஆகும். நாளைக்கு வேற எவனாவது மட்டமான துணியைக் கொடுத்தாலும் பார்க்கமாட்டா. அதுல நோயாளிதானே படுப்பா?"

உதயா அன்று இதைத்தான் தெரிந்துகொண்டு போனாளா? மறுநாள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாளே. அவளுக்கு நான் குறைத்தது சரியா என்று அவ்வப்போது நெருடிக்கொண்டே இருக்கும். இன்று முதல் நெருடாது.

2025 ஜனவரி 17, வெள்ளி

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வைத்தியின் சம்பந்தி அம்மாள் பார்சல் அனுப்பியிருந்தாள். முறுக்கு, நெய், நடுவில் துவைத்து இஸ்திரி போட்டு மடித்த பச்சைக் கோட்டுப் பை!

எச்சரிக்கையே வந்து முடிந்துபோன விஷயம், இனி எதற்கு என்று நினைத்தேன். மாதங்கி மறுநாளே ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டு போனாள். "மேடம்ஜி, அப் கியோன் லாயே?" என்றானாம் அங்கே இருந்தவன். இப்போது எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று.

"ஒண்ணு பாக்கி இருந்தது" என்றாளாம். ரசீது வாங்கிக்கொண்டு வந்தாள். முறுக்கு வீட்டில் தங்கிவிட்டது. அதை ஒப்படைக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் இல்லை என்றான் ஜெயராம்.

மார்ச் 11, செவ்வாய்

பஜனை வகுப்பில் என் பக்கத்து இடம் காலி. அகல்யா தூணோரம் உட்காருகிறாள். பாடினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்பதற்குத் தடையில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஒப்பந்தம் முடிந்தது. கடைசிச் சரக்கு, கடைசித் துண்டு, எல்லாம் ஒப்படைத்தாயிற்று. தகரப் பெட்டி காலி. பவுனு அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தாள். மாதங்கியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வேணுவுக்கு மே மாதமே வேறு அலுவலகத்துக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். கோயிலில் சொன்னார்கள். தானாக வந்து காதில் விழுந்தது. நான் விசாரிக்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கொலு. வாமனருக்கு இவர் ஊதுபத்திக் குச்சியில் குடை செய்து கொடுத்துவிட்டார். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

இந்த முறை யாரை அழைக்கலாம் என்று நானே மாதங்கியிடம் கேட்டுக்கொண்டேன். பெயர் சொன்னேன், அவள் யோசித்தாள், 'அச்சா' என்றாள். ஒரே ஒரு பெயரை மட்டும் நான் சொல்லவில்லை. அழைக்க எனக்குத் துணிவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. மாதங்கிதான் கதவைத் திறந்தாள். வெளியே அகல்யா. உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"வரலாமா? அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒப்பந்தமும் முடிஞ்சிருச்சு, அவரும் அங்க இல்ல, தாராளமா போன்னாரு. உங்க பக்கம் எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

"எங்க பக்கமும் ஒண்ணும் இல்லை. வாங்கோ" என்றாள் மாதங்கி.

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன்.

"அகல்யா, அன்னிக்கு நான் உன்கிட்ட வந்து..."

"வந்திருந்தா அவருக்கு வேலைக்கே உலை, டீச்சர். நீங்க எழுதிக் கொடுத்த பேப்பரை எடுத்துட்டு வந்து என்கிட்டத்தான் முதல்ல காட்டினாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! ஒரு மாசம் உங்க பேரைச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிருவேன். அவருதான் சொன்னாரு. டீச்சர் மருமக எழுதினதாலதான் என் பேரு சுத்தமா இருக்கு, வேற யாராவது எழுதியிருந்தா நான்ல கைகட்டி நின்னிருப்பேன்னாரு." மாதங்கி பக்கம் திரும்பினாள். "அப்புறம் கோபம் போயிருச்சு. ஆனா பேசக்கூடாதுன்னு அவரு சொல்லிட்டாரு. அதான் தூணுக்குப் பின்னால உக்காந்தேன். பக்கத்துல உக்காந்தா வாய் சும்மா இருக்காதுல்ல?"

பாடினாள். போகும்போது மாதங்கி தாம்பூலம் எடுத்து வந்தாள், கடையில் வாங்கிய மஞ்சள் பையில். அகல்யா குங்குமம் இட்டுக்கொண்டாள், வெற்றிலை பாக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் வெளியே எடுத்துத் திருப்பி வைத்தாள்.

"தேங்காய் மட்டும் வேணாம்மா. போன வருசத்துத் தேங்காய்க்கே இன்னும் கணக்கு சொல்லிட்டிருக்காரு."

மாதங்கி சிரித்தாள். இவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை. ஜெயராம் உள்ளேயிருந்து, "தேங்காயை இங்க கொண்டா, சட்னிக்கு ஆச்சு!" என்று கத்தினான்.

டீச்சராக இருந்தவள் வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்கமாட்டேன். இதை என்றாவது யாராவது படித்தால், அவருக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று: நாளைக்கு ஒருவருக்கு ஏதாவது கொடுக்கக் கையை நீட்டும் முன், 'இது யாருடையது, வாங்குகிறவர் யார்?' என்று வாய்விட்டு ஒருமுறை கேட்டுப் பார்.